சோதனைக்குழாய் இல்லாத செய்முறைத் தேர்வு

அன்னபேதிக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சில துளிகள் விட்டால் என்ன நிகழும்? "பச்சை நிற வீழ்படிவு உண்டாகும்; அதிகமாகச் சேர்த்தாலும் அது கரையாது." வேதியியல் தேர்வுக்கு ஆயத்தமான மாணவர் எவரும் இந்த விடையை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். "அந்தப் பச்சை வீழ்படிவை நீ பார்த்திருக்கிறாயா?" என்று அவரையே கேட்டுப் பாருங்கள். சிலர் தலையசைப்பர், வேறு சிலர் தயங்குவர். கண்டவரும் காணாதவரும் ஒரே விடையை எழுதி ஒரே மதிப்பெண்ணைப் பெறலாம் என்றால், அந்தத் தேர்வு எதைத்தான் அளக்கிறது?

இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடைபெற்று வரும் ஒரு பன்னாட்டுத் தேர்வின் வேதியியல் பாடத்தை இங்கு மதிப்பிட்டுப் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேர்வு அமைப்பு நடத்தும் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்னும் தேர்வே அது. இங்கிலாந்தில் 1951 முதல் நடந்து வந்த பழைய 'ஓ லெவல்' தேர்வு 1987-இல் முடிவுக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டான 1988-இல் இந்தப் பன்னாட்டுத் தேர்வு முதன்முறையாக நடைபெற்றது. ஏறக்குறைய நம் பத்தாம் வகுப்பு வயதினர் எழுதும் தேர்வு இது.

"தமிழ் வழியில் பயிலும் எங்களுக்கு இதனால் ஆவதென்ன?" என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். பிறர் கட்டிய வீட்டைச் சுற்றிப் பார்ப்பவன் தன் வீட்டின் குறைநிறைகளையும் அறிந்து திரும்புகிறான். அந்தப் பயன் இதிலும் உண்டு.

தேர்வின் அமைப்பு

பருப்பொருளின் நிலைகள், அணுக்களும் சேர்மங்களும், மோல் கணக்குகள், மின்வேதியியல், வினைகளின் ஆற்றல், வினைவேகம், அமிலம்–காரம்–உப்பு, தனிம வரிசை அட்டவணை, உலோகங்கள், சுற்றுச்சூழல் வேதியியல், கரிம வேதியியல், சோதனை முறைகள் எனப் பாடத்திட்டம் 12 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. 2023-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் இது திருத்தப்பட்ட வடிவில் வழங்குகிறது. நம் பாடநூல்களில் பெரிதும் காணப்படும் ஃபினால்ஃப்தலீன் என்னும் நிறங்காட்டி இதில் இல்லை. அமிலத்தில் நிறமின்றியும் காரத்தில் நீலமாகவும் தோன்றும் தைமால்ஃப்தலீன் அதன் இடத்தைப் பெற்றுள்ளது.

மாணவர் ஒவ்வொருவரும் மூன்று தாள்கள் எழுத வேண்டும். முதலாவது, 40 கேள்விகளுக்குச் சரியான விடையைத் தேர்ந்து குறிக்கும் தாள். இதற்கு மொத்தத்தில் 30 விழுக்காடு. இரண்டாவது, விரிவாக விடை எழுதும் தாள்; இதற்கு 80 மதிப்பெண்கள், மொத்தத்தில் 50 விழுக்காடு. மூன்றாவது, செய்முறைத் திறனைச் சோதிக்கும் தாள். 40 மதிப்பெண்கள், மொத்தத்தில் 20 விழுக்காடு.

நம் ஆய்வுக்குரியது மூன்றாவது தாளே. இதில் பள்ளிகளுக்கு இரு வழிகள் தரப்பட்டுள்ளன. ஒன்று, ஆய்வுக்கூடத்தில் நின்று சோதனை செய்து விடை எழுதும் ஐந்தாம் தாள். மற்றொன்று, 'செய்முறைக்கு மாற்று' எனப்படும் ஆறாம் தாள். இது வகுப்பறை மேசையில் அமர்ந்து பேனாவால் எழுதி முடிக்கும் தாள். இரண்டில் எதை எழுதினாலும் மதிப்பு ஒன்றே.

பாராட்டத்தக்கவை

குறை சொல்வதற்கு முன் நிறைகளைச் சொல்வது முறை. இத்தேர்வில் நிறைகள் உண்மையிலேயே உள்ளன.

முதலாவதாக, நினைவாற்றலுக்கு மட்டும் இது பரிசளிப்பதில்லை. மொத்த மதிப்பில் பாதிதான் அறிவுக்கும் புரிதலுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. 30 விழுக்காடு, முன்பின் காணாத விவரங்களைத் தந்து அவற்றைக் கையாளச் சொல்லும் கேள்விகளுக்கு உரியது. மீதி 20 விழுக்காடு செய்முறைத் திறனுக்கு.

இரண்டாவதாக, கண்டதையும் அதிலிருந்து அறிந்ததையும் இத்தேர்வு கண்டிப்புடன் பிரித்து வைக்கிறது. சலவைக்கல்லின் மேல் அமிலம் ஊற்றியபோது கண்டது என்ன என்ற கேள்விக்கு, "கார்பன் டை ஆக்சைடு வெளிவந்தது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை. பெயர்ப் பலகையும் இல்லை. கண்ணால் கண்டவை குமிழிகள் மட்டுமே. சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்தி, அது பால்போல் மாறியதைக் கண்ட பிறகே அதைக் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டாகிறது. அறிவியலின் முதல் ஒழுக்கம் இதுதான் என்றால் மிகையாகாது.

மூன்றாவதாக, செய்முறைத் தாளில் சோதனையைத் திட்டமிடச் சொல்லும் கேள்வி ஒன்று இடம்பெறுகிறது. அந்த வகையில் நாமே ஒரு கேள்வியை அமைத்துப் பார்ப்போம். "இரண்டு வகையான அமிலநீக்கி மாத்திரைகள் உள்ளன. ஒரு கிராமுக்கு எது அதிக அமிலத்தை முறிக்கும் என்று கண்டறிய ஒரு சோதனையை வகுத்துரைக்க." இதற்கு மனப்பாட விடை கிடையாது. இரண்டிலும் ஒரே எடை எடுக்க வேண்டும், பொடியாக்க வேண்டும், நிறங்காட்டி சேர்க்க வேண்டும், செறிவு தெரிந்த அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து விட்டு, நிறம் மாறும் வரை செலவான அளவைக் குறிக்க வேண்டும், மறுமுறையும் செய்து ஒப்பிட வேண்டும். இதை எழுதும் மாணவர் சிந்தித்தே தீரவேண்டும். நம் பொதுத் தேர்வுகளும் பின்பற்றத்தக்க வழக்கம் இது.

ஆறாம் தாள்

இனி 'செய்முறைக்கு மாற்று' என்னும் தாளைப் புரட்டுவோம். ஒரு பக்கத்தில் பியூரெட்டின் படம். திரவ மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படித்து, அட்டவணையில் எழுத வேண்டும். அடுத்த பக்கத்தில் வெப்பமானிகளின் படங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் படித்து வரைபடம் தீட்ட வேண்டும். பிறகு ஓர் உப்பு. அதன்மேல் செய்த சோதனைகளும் கண்ட மாற்றங்களும் சொற்களில் தரப்பட்டுள்ளன. அது என்ன உப்பு என்று சொல்ல வேண்டும். அல்லது உப்பின் பெயர் தரப்பட்டிருக்கும், என்ன மாற்றங்கள் தெரியும் என்று எழுத வேண்டும். ஒரு மணி நேரத்தில் தாள் முடிகிறது.

கேள்விகள் திறமையாக அமைக்கப்பட்டவை என்பதில் ஐயமில்லை. கூம்புக் குடுவையை நீரால் மட்டும் கழுவுவது ஏன், பியூரெட்டை அதில் நிரப்பவிருக்கும் கரைசலாலேயே கழுவுவது ஏன் என்பன போன்றவை ஆய்வுக்கூடப் பழக்கத்திலிருந்து எழும் நல்ல கேள்விகளே. பியூரெட்டில் நீர் தங்கினால் உள்ளிருக்கும் கரைசலின் செறிவு குறைந்துவிடும். குடுவையில் நீர் தங்கினாலோ, பிப்பெட்டால் அளந்து விட்ட பொருளின் அளவு மாறுவதில்லை. இதைப் புரிந்துகொண்டவர் மோல் கணக்கையும் புரிந்துகொண்டவரே.

ஆனால் இதே விடையைக் கையில் பியூரெட்டைத் தொடாமலே கற்றுவிடலாம் என்பதுதான் சிக்கல்.

தாளில் இல்லாதவை

அச்சிட்ட பியூரெட் நடுங்குவதில்லை. அதன் திருகு இறுகிப் போவதில்லை, கசிவதில்லை. திரவ மட்டத்திற்கு நேராகக் கண்ணை வைக்காவிட்டால் அளவு தவறிவிடும் என்னும் இடமாறு தோற்றப் பிழை தாளில் எழவே வழியில்லை. படத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் கோடு கோட்டில்தான் நிற்கும். மெத்தில் ஆரஞ்சின் மஞ்சள் நிறம், ஒரே ஒரு துளியில் ஆரஞ்சைக் கடந்து சிவப்புக்கு ஓடிவிடுவதையும், "ஒரு துளி கூடிவிட்டதே" என்று மறுபடியும் தொடங்கும் எரிச்சலையும் அச்சுத்தாள் தராது. அந்த எரிச்சலில்தான் ஒரு துளியின் மதிப்பை மாணவர் உணர்கிறார். அளவையில் பிழை என்பது என்ன என்று அவருக்குக் கற்பிப்பது அந்தத் துளியே.

தொடக்கத்தில் சொன்ன அன்னபேதிக்குத் திரும்புவோம். அட்டவணைப்படி வீழ்படிவின் நிறம் பச்சை. சற்று நேரம் வைத்திருந்தால் மேற்பரப்பு பழுப்பாகும். அட்டவணையில் இவ்விரண்டும் உண்டு. ஆனால் அலமாரியில் பல நாட்கள் இருந்த அன்னபேதிக் கரைசலை எடுத்துச் சோதித்தால், அட்டவணையில் சொன்ன பச்சை வருவதில்லை. அழுக்குப் பச்சையும் பழுப்பும் கலந்த ஏதோ ஒன்று வருகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன், புட்டியிலேயே இரும்பின் ஒரு பகுதியை இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு மாற்றிவிட்டதே காரணம். அட்டவணையை மட்டும் அறிந்தவர் இதைக் கண்டால் "சோதனை தவறிவிட்டது" என்பார். பலமுறை கண்டு பழகியவர், "கரைசல் பழையது" என்பார். இரண்டாமவரே வேதியியல் அறிந்தவர். ஆறாம் தாளோ இவ்விருவரையும் பிரித்தறிய வழியற்றது. ஏனெனில் அதில் வரும் கரைசல்கள் யாவும் புதியவை, எல்லா வீழ்படிவுகளும் புத்தக நிறத்தவை.

மற்றோர் எடுத்துக்காட்டு. நீல மயில்துத்தப் படிகங்களைத் தயாரிக்கும் முறையை இத்தேர்வில் அடிக்கடி கேட்பர். சூடான நீர்த்த கந்தக அமிலத்தில் காப்பர் ஆக்சைடைக் கரையாமல் எஞ்சும் வரை சேர்த்து, வடிகட்டி, கரைசலைத் தெவிட்டும் நிலை வரை காய்ச்சி, ஆறவிட்டு, படிகங்களை வடிதாளில் ஒற்றி உலர்த்த வேண்டும். "நீர் முழுதும் வற்றும் வரை காய்ச்ச வேண்டும்" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஏன்? 250 கிராம் நீலப் படிகத்தில் 90 கிராம் நீர் அடங்கியுள்ளது. கடுமையாகச் சூடாக்கினால் அந்நீர் வெளியேறி, எஞ்சுவது வெண்பொடி. ஒருமுறை அவசரப்பட்டு, கண்ணெதிரே நீலம் வெளுத்துப் போவதைக் கண்ட மாணவருக்கு இதை எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. காணாதவருக்கோ, இது மனப்பாடம் செய்ய வேண்டிய ஆயிரம் வரிகளுள் ஒன்று.

ஏன் இந்த ஏற்பாடு?

தேர்வு அமைப்பினரின் பக்கத்தையும் கேட்பதே நியாயம். ஐந்தாம் தாளை நடத்துவது எளிதன்று. உலகின் பல மூலைகளில் உள்ள பள்ளிகளில் ஒரே வகைப் பொருட்கள், ஒரே செறிவுள்ள கரைசல்கள் இருக்க வேண்டும். ஓரிடத்துச் சரக்கின் தூய்மை மற்றோரிடத்தில் இருப்பதில்லை. ஆகவே பள்ளியின் ஆசிரியர் ஒருவரும் அதே பொருட்களைக் கொண்டு சோதனையைச் செய்து, தம் முடிவுகளை உடன் அனுப்புகிறார். மாணவரின் அளவுகள் அதனோடு ஒப்பிடப்படுகின்றன. இத்தனை ஏற்பாடுகளும் இயலாத சிறிய பள்ளிகளும், பள்ளியில் சேராமல் தனியே படித்து எழுதுவோரும் உள்ளனர். ஆய்வுக்கூடம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர்களுக்குக் கதவை அடைப்பது அநீதி. அந்தக் கதவைத் திறந்து வைத்ததே ஆறாம் தாள். இத்தாளை எழுதுவோரும் சோதனைகளைச் செய்து பழக வேண்டும் என்றே பாடத்திட்டம் அறிவுறுத்துகிறது.

இவ்வாறு செய்வது இந்த ஓர் அமைப்பு மட்டும் அன்று. எடெக்ஸல் நடத்தும் பன்னாட்டு வேதியியல் தேர்வில் 110, 70 மதிப்பெண்களுக்கு இரண்டு எழுத்துத் தாள்கள். செய்முறைத் தேர்வு தனியே கிடையாது. செய்முறை பற்றிய கேள்விகள் எழுத்துத் தாள்களுக்குள்ளேயே கலந்துவிட்டன. இங்கிலாந்தின் உள்நாட்டுத் தேர்வான ஜி.சி.எஸ்.இ.யிலும் 2018 முதல் இதே வழக்கம்தான்: குறித்த சோதனைகளை மாணவர் பள்ளியில் செய்திருக்க வேண்டும், ஆனால் மதிப்பெண்களில் 15 விழுக்காடு அவற்றைப் பற்றிய எழுத்துக் கேள்விகளுக்கே. சோதனை மூலம் தானே கண்டறிந்து கற்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாதாடிய வேதியியலறிஞர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்கின் நாட்டில், 1962-இல் நஃபீல்டு அறநிதியத்தின் ஆதரவில் சோதனைவழிக் கல்வி இயக்கம் தொடங்கிய நாட்டில், நிலைமை இவ்வாறு வந்து நிற்கிறது.

காரணங்கள் நியாயமானவையே. ஆனால் விளைவு என்ன? சான்றிதழில் பாடத்தின் பெயரும் பெற்ற தரமும் இருக்கும். ஐந்தாம் தாளா, ஆறாம் தாளா என்பது அதில் இராது. ஆய்வுக்கூடத்தை வாய்ப்பாகப் பெறாத மாணவருக்காகத் திறந்த கதவு வழியே, ஆய்வுக்கூடம் இருந்தும் அதைப் பூட்டி வைக்க விரும்பும் பள்ளியும் நுழைந்துவிடலாம். செலவு மிச்சம், விபத்துப் பயம் இல்லை, மதிப்பெண்ணிலும் குறைவில்லை. நஷ்டம் மாணவருக்கு மட்டுமே. மேற்படிப்பில் முதன்முறையாக ஆய்வுக்கூட மேசையின் முன் நிற்கும்போதுதான் அது அவருக்குத் தெரியவரும்.

மாற்றுத் தாளை நீக்கிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. எந்தத் தாள் எழுதப்பட்டது என்பதைச் சான்றிதழில் குறிக்கலாம். ஆறாம் தாள் எழுதும் மாணவரும் இன்னின்ன சோதனைகளைத் தம் கையால் செய்தார் என்பதற்குப் பள்ளியின் உறுதிமொழியைக் கேட்கலாம். ஏழைப் பள்ளிக்கும் இயலக்கூடிய எளிய சோதனைகளாக அவற்றைத் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

விடைக்குறிப்பைப் படிக்கும் படிப்பு

இரண்டாவது குறை தேர்வைச் சார்ந்ததன்று; அதற்கு ஆயத்தமாகும் முறையைச் சார்ந்தது. இத்தேர்வின் பழைய வினாத்தாள்களும், திருத்துவோருக்கான விடைக்குறிப்புகளும் மாணவர் கைக்கு எட்டுகின்றன. வெளிப்படையான இந்த நடைமுறை நல்லதே. ஆனால் பாடநூலை மூடிவிட்டு விடைக்குறிப்பையே பாடமாகப் படிக்கும் வழக்கம் இதனால் பெருகிவிட்டது. எந்தச் சொல்லுக்கு மதிப்பெண், எந்தச் சொல்லுக்கு இல்லை என்பதே கல்வியாகிவிடுகிறது.

வினைவேகம் பற்றிய கேள்வியைப் பாருங்கள். அமிலத்தின் செறிவு கூடினால் வேகம் கூடுவது ஏன்? "துகள்கள் அதிகமாக மோதுகின்றன" என்றால் மதிப்பெண் இல்லை. "ஒரு விநாடியில் நிகழும் மோதல்கள் அதிகம்" என்ற பொருள் வர வேண்டும். இது வெறும் சொல் விளையாட்டு என்று மாணவர்கள் முணுமுணுக்கின்றனர். அன்று. 1 கிராம் சலவைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் அமிலம் இருந்தால், அறை வெப்பநிலையில் அது தரக்கூடிய வாயு சுமார் 240 கன செ.மீ. அமிலம் செறிவானதாயினும் நீர்த்ததாயினும் இந்த 240 மாறாது. அதாவது, வினையில் முடியும் மோதல்களின் மொத்த எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. மாறுவது, அவை எவ்வளவு காலத்தில் நிகழ்ந்து முடிகின்றன என்பது மட்டுமே. ஆகவே காலத்தைக் குறிக்கும் சொல் இல்லாத விடை பாதி விடைகூட அன்று.

இந்த விளக்கத்தோடு கற்றவருக்கு அந்தச் சொல் தானாகவே வரும். விடைக்குறிப்பிலிருந்து சொல்லை மட்டும் பறித்தவர், வெப்பநிலையைப் பற்றிக் கேட்டாலும் அதே வரியை எழுதிவிட்டு வருவார். வெப்பநிலை கூடும்போது மோதல்கள் விரைவில் நிகழ்வதோடு, போதிய ஆற்றலுடன் மோதும் துகள்களின் பங்கும் கூடுகிறது என்ற முதன்மையான காரணம் விடுபட்டுப் போகும். தேர்வாளர் ஒரு நுட்பமான வேறுபாட்டை மனத்தில் வைத்து விடைக்குறிப்பை எழுதினார். அதைப் படித்தவரிடம் நுட்பம் போய்ச் சேரவில்லை, சொல் மட்டுமே போய்ச் சேர்ந்தது.

சொல்லும் பொருளும்

தமிழ் வழி வாசகருக்கு இங்கே ஒரு நற்செய்தி உண்டு. இத்தேர்வில் ஆங்கிலத்தையே பேசி வளர்ந்த மாணவர்களும் இடறி விழும் சில சொற்கள் உள்ளன. தெளிந்த கரைசல் வேறு, நிறமற்ற கரைசல் வேறு என்பது அவற்றுள் ஒன்று. மயில்துத்தக் கரைசல் தெளிந்தது. அதன் ஊடே அப்பாலுள்ள எழுத்தைப் படிக்கலாம். ஆனால் அது நிறமற்றதன்று, நீலம். நிறமற்றது என்று சொல்ல வேண்டிய இடத்தில் தெளிந்தது என்று எழுதினால் இத்தேர்வில் மதிப்பெண் இல்லை. தமிழில் 'தெளிவு', 'நிறமின்மை' என்னும் இரு சொற்களும் தம் பொருளைத் தாமே சொல்லி நிற்கின்றன. குழப்பத்திற்கு இடமே இல்லை.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. பனிக்கட்டி 'கரைந்துவிட்டது' என்று வீட்டில் பேசுகிறோம். கரைவதற்கு வேறொரு திரவம் வேண்டும். பனிக்கட்டி உருகியது என்பதே சரி. தேநீர்க் கடையில் 'ஸ்ட்ராங்' என்று கேட்கிறோம். அங்கே நாம் வேண்டுவது செறிவு. வேதியியலில் அமிலத்தின் வலிமை வேறு, செறிவு வேறு. நீரில் முற்றிலும் அயனிகளாகப் பிரிவது வலிமை மிக்க அமிலம். குறிப்பிட்ட பருமனில் எவ்வளவு அமிலம் உள்ளது என்பது செறிவு. நீர் கலந்து மிகமிக நீர்க்கச் செய்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வலிமை மிக்க அமிலமே. நீரின்றிச் செறிந்த அசெட்டிக் அமிலமும் வலிமை குறைந்ததே. இந்த வேறுபாட்டைத் தாய்மொழியில் தெளிந்தவர், பிறகு எம்மொழியில் தேர்வு எழுதினாலும் தடுமாறமாட்டார்.

நம் நிலை

பன்னாட்டுத் தேர்வைக் குறை கூறிவிட்டு நாம் நிமிர்ந்து நடந்துவிட முடியாது. நம் மேல்நிலைப் பள்ளிகளில் செய்முறைத் தேர்வு தனியே உண்டு. மாணவர் ஆய்வுக்கூடத்தில் நின்றே அதைச் செய்கிறார். இது நம் பெருமை. ஆனால் உப்புப் பகுப்பாய்வில், தரப்பட்ட உப்பு இன்னதென்று எப்படியோ முன்பே ஊகித்துக்கொண்டு, அதற்குரிய வரிகளை நினைவிலிருந்து எழுதிவிட்டு வருவோர் நம்மிடையே இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே சோதனைக்குழாய் கையில் இருக்கிறது. கண்தான் அதன்மேல் இல்லை. அவர்கள் சோதனைக்குழாயைத் தேர்வு மண்டபத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நாம் அதைக் கையில் கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டாம் என்கிறோம். நோய் ஒன்றே.

என்ன செய்யலாம்?

எந்தத் தேர்வை எழுதுபவராயினும், ஆய்வுக்கூடம் கிட்டாத வாசகர் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறோம்.

ஒரு கரண்டி நீற்றுச் சுண்ணாம்பை ஒரு குவளை நீரில் கலக்கி, இரவு முழுதும் மூடி வையுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீரை மெல்ல இறுத்து, வடிதாளில் வடிகட்டுங்கள். கண்ணில் தெறிக்காமல் கையாளுங்கள். தெறித்தால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். இந்தத் தெளிநீரில் ஒரு சிறு கிண்ணத்தளவு எடுத்து, மஞ்சள்தூள் சிறிது சேருங்கள். ஆரத்தி நீரின் சிவப்பு உண்டாகும். இனி, சம அளவு நீர் கலந்த வினிகரை மருந்துத் துளிகுழாயால் துளித்துளியாக விட்டுக் கலக்கி, சிவப்பு மாறி மஞ்சளாகும் வரை துளிகளை எண்ணுங்கள்.

எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, அதே அளவு தெளிநீரைக் கொண்டு மறுபடியும் செய்யுங்கள். மூன்றாம் முறையும் செய்யுங்கள். மூன்று எண்ணிக்கைகளும் ஒன்றாக வராது. ஏன் வரவில்லை என்று யோசியுங்கள். துளிகள் ஒரே அளவா? தெளிநீரை மூன்று முறையும் சரியாக ஒரே அளவு எடுத்தீர்களா? நிறம் மாறியது என்று ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் முடிவு செய்தீர்களா? இந்தக் கேள்விகள் உங்கள் மனத்தில் எழுந்த பிறகு, ஆறாம் தாளில் அச்சிட்ட பியூரெட்டைப் பார்த்தால், அதன் பின்னே நிற்கும் உண்மையான பியூரெட் உங்களுக்குத் தெரியும்.

மிஞ்சிய சுண்ணாம்புத் தெளிநீரில் ஓர் உறிஞ்சுகுழல் வழியே மூச்சை ஊதுங்கள். எக்காரணம் கொண்டும் உறிஞ்சிவிடாதீர்கள். அது பால்போல் வெளுக்கும். "கார்பன் டை ஆக்சைடுக்கு உரிய சோதனை" என்று எழுதிப் பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுவர். நீங்கள் நிறுத்தாமல் மேலும் நெடுநேரம் ஊதிக்கொண்டே இருங்கள். வெண்மை மெல்லக் குறைந்துவரும். கரையாத கால்சியம் கார்பனேட், மேலும் வந்து சேரும் கார்பன் டை ஆக்சைடுடன் வினைபுரிந்து, கரையக்கூடிய கால்சியம் ஹைட்ரஜன் கார்பனேட்டாக மாறுகிறது. கிணற்று நீரின் தற்காலிகக் கடினத்தன்மைக்குக் காரணமான பொருள் இதுவே. அவ்வாறு தெளிந்த நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்க வைத்துப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். அது ஏன் என்பதை அதன் கீழ் எழுதுங்கள்.